விஜயதசமிக்கு முந்தைய நாள்

செப்டம்பர் 16, செவ்வாய்

எழுந்து பல் துலக்கியதும் முதல் வேலையாக, காபிக்குப் பால்கூட வைக்காமல், புது டம்ளரில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கிக் குடித்துப் பார்த்தேன். தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, வாயைத் திறந்து, சாய்த்தேன். ஒரு மிடறு வந்தது. நின்றது. இன்னும் சாய்த்தேன், வரவில்லை. கவிழ்த்தே பிடித்தேன். ஓரிரு சொட்டு. மேடையில் வைத்துச் சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்தேன். இன்னொரு மிடறு. உதட்டில் எங்கும் உலோகம் படவே இல்லை.

சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன். உள்ளே இருந்து இவர், "என்ன, பல்லியா?" என்றார்.

இவர் என்றால் என் கணவர் கிரிதரன். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். எதையும் மூன்று தடவை செய்து பார்த்தால்தான் நம்புவார். மூன்று தடவை குடித்துக் காட்டினேன். "நல்லாருக்கு. காபி எப்ப?" என்றார்.

பெனிட்டா தேதி போட்டு எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். சென்னையில் காப்புரிமை வாங்கித் தரும் வக்கீல் அவள், என் தோழியின் தங்கை. ஆகவே எழுதுகிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேசவும் விழுங்கவும் மறுபடி பழக்கிக் கொடுப்பது ஆஸ்பத்திரியில் என் வேலை. அவர்களுக்குத் தண்ணீர்தான் பெரிய எதிரி. சோறு மெதுவாக இறங்கும், தண்ணீர் ஓடும். தொண்டைத் தசை சுதாரிப்பதற்குள் மூச்சுக்குழலில் போய்விடும். அதிலும் தலையை அண்ணாந்தால் கதவைத் திறந்து வைத்த மாதிரி. நம் ஊர்க்காரர்கள் அண்ணாந்துதான் குடிப்பார்கள். குனிந்து உதடு வைத்துக் குடியுங்கள் என்றால், எச்சில் பண்ணச் சொல்கிறாளே என்று என்னைப் பார்க்கிறார்கள்.

ஆறுச்சாமி அப்படித்தான் பார்த்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஏழு மாதம். இரண்டு தடவை நெஞ்சில் நீர் இறங்கிக் காய்ச்சலில் படுத்தார். "பஸ்ல... எல்லார் பாட்டலும்... வாங்கிக் குடிச்ச வாயிங்க இது. உதடு பட்டதில்ல" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து. மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீரைக் கொடுத்தால், "இது தண்ணி இல்ல, பசை. போஸ்டர் ஒட்டுங்க" என்றார்.

அவருக்காகத்தான் யோசித்தேன். மேலே திருகு மூடி, டம்ளருக்குள் அடியில் ஒரு சின்ன அறை. கீழே வைத்தால் ஒரு நுண்ணிய துளை வழியாக அதில் ஒரு மிடறு மட்டும் நிறையும். சாய்த்தால் அந்த மிடறு மட்டும், வளைந்த மூக்கு வழியாக, உதட்டைத் தொடாமல் வாயில் விழும். மறுபடி வேண்டுமென்றால் கீழே வைத்தாக வேண்டும். அவசரப்படவே முடியாது. அவருடைய மைத்துனர் தெய்வசிகாமணி அண்ணனுக்குக் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை. பம்ப்செட் பாகங்கள் கடைகிறவர். நான் காகிதத்தில் போட்டதை அவர் எவர்சில்வரில் செய்தார். எட்டாவது டம்ளர்தான் இன்று காலை குடித்தது.

மத்தியானம் பெனிட்டாவிடம் சொன்னேன். குதித்தாள். பிறகு, "அக்கா, ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. விண்ணப்பம் போடுற வரைக்கும் வெளியாள் யார்ட்டயும் காட்டக் கூடாது. ஒரு தடவ பொதுவுல வந்துட்டுன்னா, அப்புறம் அது புதுசே இல்ல. கதை முடிஞ்சு. அதுவரைக்கும் வாய மூடிட்டு இருக்கணும்" என்றாள்.

"ஊரார் வாயைத் திறக்க வைக்கறதுதான்டி என் பிழைப்பு" என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பட்டறைக்குப் போனேன். பெனிட்டா திங்கட்கிழமையே போட்டுவிடலாம் என்கிறாள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தார்.

"அம்மிணி, நாயித்துக்கெழம அமாவாசைங்க. அது கழியட்டும். கழிஞ்ச கையோட நவராத்திரி. புதுசா ஒண்ணத் தொடங்கறதுன்னா விஜயதசமியாட்டம் நாளு உண்டுங்களா? பையனுக்கு எழுத்தறிவிக்கறதே அன்னைக்குத்தான். இதும் நம்ம கொழந்தைதானுங்களே?"

"பத்து நாளுக்கு மேல தள்ளிப் போகுமே அண்ணா."

"ஏழு டம்ளரு கெட்டுப் போயி எட்டாவது வந்துதுங்க. அப்ப எல்லாம் பொறுத்தோம். இப்பப் பொறுக்க மாட்டீங்களா?"

எனக்கு நாள் நட்சத்திரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் மனம் கோணக்கூடாதே என்று ஒத்துக்கொண்டேன். வரும் வழியில் காந்திபுரத்தில் நானும் ஒரு காலண்டர் வாங்கிப் பார்த்தேன். விஜயதசமியன்று காலை ஒன்பதே காலிலிருந்து நல்ல நேரம்.

செப்டம்பர் 24, புதன்

குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். புதினா ஒரு கட்டு வீண்.

விண்ணப்பத்தில் பெயர் எப்படி வர வேண்டும் என்று பெனிட்டா கேட்டாள். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் அண்ணன் பெயரும் என் பெயரும். எனக்குப் பெயர் வருவதில் ஒன்றும் பெரிய ஆசை இல்லை. எப்படியும் போடு என்று சொல்லிவிட்டேன். பிறகு மூன்று தடவை கூப்பிட்டு, அப்பாவின் இனிஷியலோடு ஜி. வசுமதி என்று போடு, இல்லை கணவர் பெயர் சேர்த்து வசுமதி கிரிதரன் என்று போடு, இல்லை வேண்டாம், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற மாதிரியே போடு என்றேன். மூன்றாவது தடவை அவள், "அக்கா, கல்யாணப் பத்திரிகைக்கே இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டீங்க" என்றாள்.

போன வருஷம் நான் வரைந்த விழுங்கு பயிற்சி அட்டையை ஆஸ்பத்திரி அச்சடித்து எல்லா வார்டிலும் மாட்டியது. கீழே பெரிய டாக்டர் பெயர் இருந்தது. அதைப் பற்றியும் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எழுத வந்ததால் எழுதினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எவ்வளவு நல்ல நாள்!

அண்ணன் காலையிலேயே போன் செய்து, "குடும்பத்தோட வந்துருங்க அம்மிணி" என்றார். இவருக்கு லீவு. பச்சைப் பட்டு கட்டிக்கொண்டேன். பட்டறைத் தெருவே மணந்தது. ஒவ்வொரு பட்டறை வாசலிலும் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். அண்ணன் பட்டறையில் லேத்துகளைக் கழுவித் துடைத்து விபூதிப் பட்டை போட்டிருந்தார்கள். டிரில் மெஷினுக்கு மாலை. ஒரு மேசையில் வாழை இலை விரித்து ஸ்பேனர், வெர்னியர், உளி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில், சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால், நம் டம்ளர்! சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கழுத்தில் துண்டுப் பூ சுற்றி, ஒரு பெண் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு டம்ளர், நடுவில் நெடுக்காக அறுத்தது. உள்ளறை, துளை, மூக்குக் குழாய் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"கெட்டுப் போன ஏழாவதுங்க. அறுத்து வெச்சாத்தானே உள்ள இருக்கற வேல தெரியும்? வெளிய பாத்தா இதும் ஒரு டம்ளரு, அவ்வளவுதானுங்களே" என்றார் அண்ணன்.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்ததும் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆயுத பூஜையன்று எல்லோரும் எல்லோர் பட்டறைக்கும் போய்ப் பொரிகடலை வாங்கிக்கொள்வது வழக்கமாம். வந்தவர்கள் எல்லாம், "இதென்னங்க, கெண்டியாட்டம்?" என்று கேட்டார்கள். அண்ணன், "எங்க டாக்டரம்மா கண்டுபுடிச்சது. அவியளே சொல்வாங்க" என்று என்னை முன்னால் தள்ளினார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அறுத்த டம்ளரைக் கையில் எடுத்து, தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே இறங்கும் என்று விரலை வைத்துக் காட்டினேன். பட்டறைக்காரர்கள் கேட்கிற கேள்வியே தனி. அடுத்த தெருவில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் நாச்சிமுத்து என்பவர், "வெல்டிங்குல தண்ணி கசியாதுங்களா? இந்தத் தொளை என்ன சைசுங்க?" என்று விடாமல் கேட்டார். ஆஸ்பத்திரியில் நான் பேசினால் கேட்பவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அதற்குள் ஆறுச்சாமி வந்துவிட்டார், மனைவி சரசாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டு, வேட்டி சட்டையில். அவரைப் பார்த்ததும் எனக்கே வேகம் வந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, டம்ளரில் பானகம் ஊற்றிக் கொடுத்தேன். பொரி தின்றவர்கள்கூட நெருங்கி வந்து நின்றார்கள். தாடையைத் தாழ்த்தினார், சாய்த்தார், விழுங்கினார். கீழே வைத்தார். மறுபடி. இருமவே இல்லை. டம்ளர் காலியானதும் கையை உயர்த்தி, பழைய குரலில் பாதியாவது இருக்கும், "ரைட்! போலாம்!" என்றார்.

விசில் அடித்தார்கள். சரசாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் படம் எடுத்துப் பட்டறையின் இணையப் பக்கத்தில் போட்டார்.

திரும்பும்போது காரில் இவர் பொரியைத் தின்றுகொண்டே, "பெனிட்டா யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொன்னாள்ல?" என்றார்.

"வெளியாளுக்குத்தானே? இது பூஜை. எல்லாம் தெரிஞ்சவங்க. நாளைக்கு விண்ணப்பம் போடப் போறோம், ஒரு நாள்ல என்ன ஆயிடும்?"

"நான் சும்மா கேட்டேன்."

இவர் எப்போதும் இப்படித்தான். பொரி தின்றுகொண்டே சட்டம் பேசுவார்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. ஒன்பது இருபதுக்குப் பெனிட்டா கணினியில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். ஒரு எண் வந்தது. அந்த எண்ணை அண்ணனுக்குச் சொன்னேன். கூட்டிப் பார்த்து, "நல்ல நம்பருங்க" என்றார். நானும் கூட்டிப் பார்த்திருந்தேன்.

சுண்டல் தீரவில்லை. ராத்திரிக்கு அதையே வடையாகத் தட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

வாஷிங் மெஷின் மறுபடி தண்ணீர் விடவில்லை. அண்ணனிடம் சொன்னால் அவரே வந்து கழற்றிவிடுவார், சொல்லவில்லை.

ஆறுச்சாமியின் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. எடை கூடியிருக்கிறது. டம்ளரை எங்கே போனாலும் தோள்பையில் எடுத்துப் போகிறாராம், டிக்கெட் பை மாதிரி.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. இன்று ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் இல்லை.

சென்னையிலிருந்து ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் பேசியது. பெனிட்டா மூலமாகத்தான். டம்ளரை அவர்கள் பெரிய அளவில் செய்து, நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்க விரும்புகிறார்கள். முதல் ஆண்டு வேலை முழுக்க அண்ணன் பட்டறைக்கே தருவார்களாம். பம்ப்செட் வேலை இந்த வருஷம் சரியில்லை, இரண்டு லேத்துகள் ஓடாமல் நிற்கின்றன என்பது எனக்குத் தெரியும். அண்ணன் அதைச் சொன்னதில்லை. பட்டறையில் சத்தம் குறைந்ததில் தெரியும்.

அவரிடம் சொன்னதும் ஓடாத லேத்தின் தூசியைத் துடைத்தார். பிறகு, "அம்மிணி, டீ குடிக்கறீங்களா?" என்றார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் டீ சொல்வார்.

டம்ளரின் அடியில் கண்டுபிடித்தவர்கள் பெயரைப் பொறிக்கலாம் என்று நிறுவனத்தில் சொன்னார்களாம். அதெல்லாம் எதற்கு என்றேன். கூடத்துச் சுவரில் டிவிக்கு மேலே ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. காப்புரிமைச் சான்றிதழ் என்ன அளவில் வரும் என்று பெனிட்டாவிடம் சும்மா கேட்டு வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

நிறுவனத்திலிருந்து தாள்கள் வந்திருக்கின்றன. காப்புரிமை உறுதி என்றால்தான் அவர்கள் இறங்குவார்கள். ஆகவே ஓர் உறுதிமொழி: விண்ணப்ப நாளுக்கு முன் இந்தக் கருவி எங்கும் பொதுவில் காட்டப்படவோ, விளக்கப்படவோ, படமாக வெளியிடப்படவோ இல்லை. கீழே என் கையெழுத்து, அண்ணன் கையெழுத்து.

அண்ணன் படிக்காமலே போட்டு அனுப்பிவிட்டார். நான் நாளைக்குப் போடுகிறேன். பேனா சரியில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பேனா வாங்க மறந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு ருக்குமணி என்கிற பெண், கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாரப்பன், சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்திருக்கிறது. நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"தண்ணி எப்படிக் குடிக்கிறாரு?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"அதுக்கு ஒரு டம்ளரு இருக்குதுங்க மேடம்" என்று ஒயர் கூடைக்குள் கையை விட்டு எடுத்தாள்.

என் டம்ளர். என் மூக்கு, என் உள்ளறை. விளிம்பு மட்டும் கொஞ்சம் தடிமன்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம். நான் கொடுக்காமல், நான் அறியாமல், என் டம்ளர் தானாக நடந்து வந்து என் அறைக்குள் நிற்கிறது! அடுத்துத்தான் கையெழுத்துப் போடாத தாள் நினைவுக்கு வந்தது.

"இது எங்க கிடைச்சுது?"

"என்ற வூட்டுக்காரர் செஞ்சதுங்க. பாத்திரப் பட்டறை வெச்சிருக்காருங்க, நாச்சிமுத்துன்னு. ஆயுத பூசைக்குப் போன எடத்துல ஒரு டாக்டரம்மா வெளக்கிச் சொன்னாங்களாம். வந்த ஒடனே செஞ்சுட்டாரு, தம்பிக்குன்னு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நல்லதில்லீங்களா?" என்றாள்.

அன்று நான் பட்டுப் புடவையில் இருந்தேன், இன்று வெள்ளைக் கோட்டு. என்னை அவளுக்குத் தெரியாது.

மாரப்பன் குடித்துக் காட்டினார். முதல் மிடறு வந்தது. நிற்கவில்லை. கூடவே இன்னொன்று, இன்னொன்று. இருமினார், கண்ணில் நீர் வந்தது. முதுகைத் தட்டிச் சரி செய்தேன். டம்ளரைக் கழுவுதொட்டியில் சாய்த்து அளந்து பார்த்தேன். ஒரு சாய்ப்புக்கு மூன்று மிடறு. துளை பெரிதாக இருந்தது. பெரிய துளை என்றால் சாய்க்கும்போதும் மேலே இருக்கிற தண்ணீர் உள்ளறைக்குள் வந்துகொண்டே இருக்கும். என்னுடையதில் அப்படி வராது.

"இதை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். தண்ணிய ஸ்பூன்ல கொடுங்க" என்றேன். அந்த டாக்டரம்மா நான்தான் என்று சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

அண்ணனிடம் சொன்னதும் அப்படியே செருப்பை மாட்டினார். "வாங்கம்மிணி. அவன ரெண்டுல ஒண்ணு பாத்துர்றேன். பொரி குடுத்த கையிலயே எடுத்துட்டானுங்களே!"

நாச்சிமுத்து எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். "வாங்க மாமா, வாங்க டாக்டரம்மா! உங்க புண்ணியத்துல என்ற தம்பி தண்ணி குடிக்கறானுங்க!"

அண்ணன் பிடித்து வைத்திருந்த கோபம் எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றது. "ஏன்டா நாச்சி, எங்களக் கேக்காமச் செஞ்சியே, இது எங்க பேட்டண்டு, தெரியுமா?"

"பேட்டண்டா? பூசைல வெச்சது எல்லாத்துக்கும் பொதுதானுங்களே மாமா? ரகசியம்னா பீரோல வெச்சுப் பூட்டோணும். நீங்க சாமிக்கு முன்னால அறுத்து வெச்சு, பொரி போட்டுக் குடுத்து, இந்தம்மா தொளையத் தொட்டுத் தொட்டுக் காமிச்சாங்க. வேண்டாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெனிட்டா சொன்ன சட்டத்தையே இவர் சொல்கிறார், அதுவும் பொரியோடு. அண்ணன் என்னை முறைத்தார்.

"துளைய ஏங்க பெருசாக்குனீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுது நெறையறதுக்கு நேரமாவுதுங்க. சீக்கரம் நெறையட்டுமேன்னு ஒரு சைசு கூட்டி விட்டேன்."

"அந்த நேரந்தாங்க மருந்தே. அவசரப்படக் கூடாதுன்னுதான் அப்படி வெச்சது. உங்க தம்பி நேத்து என் முன்னால புரையேறி இருமுனாரு."

நாச்சிமுத்துவின் சிரிப்பு நின்றது. பிறகுதான் சொன்னார். தம்பிக்கு மட்டும் இல்லை. அன்னூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் கேட்டார்கள் என்று இன்னும் சிலருக்குச் செய்து கொடுத்திருக்கிறார். எல்லாம் பெரிய துளை. எல்லாம் பக்கவாதக்காரர்களுக்கு. அங்கேயே நிற்க வைத்து, எல்லோருக்கும் போன் செய்து டம்ளரைப் பரண்மேல் போடச் சொல்ல வைத்தேன். சரி என்றார்களாம். ஆனால் ஒரு பெரியவர், "உதடு படாம இதுல குடிச்சுப் பழகிட்டேன், மாத்த மாட்டேன்" என்றாராம்.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார். "இப்ப என்னங்க பண்றது?"

"தெரியல அண்ணா."

"நாஞ் சொல்றனுங்க. நீங்க அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்ருங்க. ஊட்டு விசேசத்துல வெச்சோம், அது பொதுவா? படத்த நான் அன்னைக்கே அழிச்சிருக்கோணும், இப்ப அழிச்சுர்றேன். பேட்டண்டு கைக்கு வந்துதுன்னா இவன மாதிரி ஆளுகள நிறுத்தீரலாம். கம்பெனிக்காரனும் சரியான தொளையோட செய்வான். நல்லதுக்குத்தானுங்களே?"

நன்றாகத்தான் சொல்கிறார். அதுதான் கஷ்டம். படத்தை என்னிடம் காட்டினார். அறுத்த டம்ளர் தெளிவாகத் தெரிந்தது. துளையை மறைக்குமளவுக்குச் சந்தனம் இருக்கிறதா என்று இருவரும் தலையை முட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தோம். இல்லை. நான்தான் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அவ்வளவு நல்ல படம் எனக்குக் கல்யாணத்தில்கூட வந்ததில்லை.

"அழிக்காதீங்க அண்ணா. எனக்கு அனுப்பிட்டு அழிங்க" என்றேன். இது அசட்டுத்தனம்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

அடைக்கு அரைத்தேன். முருங்கைக்கீரை உருவினேன். எதைப் பற்றியும் யோசிக்கவில்லை. இவர், "ரெண்டு தடவ உப்புப் போட்டிருக்க" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

பெனிட்டா கூப்பிட்டாள். "என்னக்கா, தாள் இன்னும் வரல? கம்பெனில கேக்காங்க."

"அனுப்பறேன். ஏன் பெனிட்டா, சும்மா ஒரு சந்தேகம். என் தோழி ஒருத்தி, அவளும் ஒரு கருவி செஞ்சிருக்கா. விண்ணப்பத்துக்கு முந்தின நாள் வீட்டுப் பூஜையில வெச்சாளாம்."

"வீட்டு ஆளுக மட்டுமா?"

"தெருக்காரங்களும் கொஞ்சம் வந்தாங்களாம்."

"கருவிய மூடி வெச்சிருந்தாங்களா?"

"அறுத்து வெச்சிருந்தாங்களாம்."

பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "போட்டோ எடுத்தாங்களா உங்க தோழி?"

"ஆமாம். நல்லா விழுந்திருக்கு."

"உங்க தோழிட்ட சொல்லுங்க" என்றாள் பெனிட்டா, மெதுவாக. "அந்த விண்ணப்பம் நிக்காது. தெரியாதுன்னு மறைச்சாலும், என்னைக்காவது ஒருத்தன் அந்தப் போட்டோவ எடுத்து நீட்டுவான். முதல் விண்ணப்பம் தற்காலிகந்தான். ஒரு வருசத்துக்குள்ள முழுசாப் போடலைன்னா தானா விழுந்துடும், யாருக்கும் அவமானம் இல்ல. ஆனா பொய்யா உறுதி சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, அது அப்படி விழாது." பிறகு அவளே, "உங்க தோழி அழுறாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. அடை சுடறா."

"எனக்கும் ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

நவம்பர் 13, வியாழன்

மாரப்பன் வந்தார். இன்றைக்கு என் டம்ளரைக் கொடுத்தேன். முதல் மிடறு குடித்துவிட்டு, அது நின்றதும் டம்ளரை உற்றுப் பார்த்தார். கீழே வைத்தார். காத்திருந்தார். மறுபடி எடுத்தார். டம்ளர் காலியாகிறவரை ஒரு இருமல் இல்லை. ருக்குமணி, "எங்க டம்ளருக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது?" என்றாள். ஒரு தொளைதான் என்றேன். "அவ்ளோதானா! அதச் சொன்னா அவரு செஞ்சுர மாட்டாரா?" என்று என்னைப் பார்த்தாள். நான்தான் அந்த டாக்டரம்மா என்று இன்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் ஆச்சரியம் இல்லை. "அப்ப நீங்களே சொல்லிக் குடுத்துருங்க" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து அதையே யோசித்தேன். காப்புரிமை கைக்கு வர வருஷங்கள் ஆகும். அதற்குள் அன்னூர்ப் பெரியவர் எத்தனை மடக்குக் குடிப்பார்? நான் கையெழுத்துப் போட்டால் நாச்சிமுத்துவிடம் அளவைச் சொல்ல முடியாது. சொன்னால், அவர் அதை எங்கே பார்த்தார் என்பதும் வெளியே வந்து என் உறுதிமொழி பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் அவர் தன் துளையோடு செய்துகொண்டுதான் இருப்பார், கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பொதுவில் வந்தது வந்துவிட்டது. பாதி வந்திருக்கிறது, அதுதான் தப்பு. மீதியையும் வெளியே விட வேண்டும்.

இங்கே ஒன்றை எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. எனக்குப் பெயர் மேல் ஆசை இருக்கிறது. நிறைய இருக்கிறது. அன்று அவ்வளவு பேர் கேட்டபோது நான் வாயை மூடாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். பூஜையும் இல்லை, அண்ணனும் இல்லை.

முடிவு செய்துவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன். பெனிட்டாவிடம், அந்தத் தோழி நான்தான் என்று சொல்வேன், அவளுக்குத் தெரியாதது போல. வரைபடத்தைத் துளை அளவோடு, எதை மாற்றக் கூடாது, ஏன் மாற்றக் கூடாது என்று நல்ல தமிழில் எழுதி, கேட்கிற பட்டறைக்கெல்லாம் கொடுப்பேன். கீழே, 'வடிவமைத்தவர்கள்: ஜி. வசுமதி, தெய்வசிகாமணி' என்று கொட்டை எழுத்தில் போடுவேன். அதை யாரும் தடுக்க முடியாது. நிறுவனத்திடமும் உள்ளதைச் சொல்வேன். காப்புரிமை இல்லாமலே சரியான டம்ளர் வேண்டுமென்றால், சரியாகச் செய்யத் தெரிந்தவர் கணபதியில் இருக்கிறார், இரண்டு லேத்துகள் சும்மா நிற்கின்றன என்று. ஒத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ.

இவரிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை, அதுதான் பெரிய பாக்கி. அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை நாளை ஆட்டோவில் யோசித்துக்கொள்ளலாம். முதலில் அவரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், அவர் கையால்தான் துளை போட வேண்டும். நாச்சிமுத்து பட்டறை ஒன்பது மணிக்குத் திறப்பாராம். எட்டரைக்கே போய் வாசலில் நிற்கப் போகிறோம்.